கோல்ஃப் ஆட வருகிறவர்கள் என்னிடம் கேட்பவை: மட்டை, மைதானம், ஆட்டம்

நான் சென்னையில் அலுவலக வேலை பார்க்கிறவன். 41 வயதில் கோல்ஃப் ஆடத் தொடங்கி இப்போது 12 வருஷம் ஆகிறது. ஹேண்டிகேப் (திறமைக்கேற்ப மொத்த அடிகளிலிருந்து கழித்துக்கொள்ளும் எண்; குறைந்தால் நல்ல ஆட்டம்) 18. வாரத்தில் ஒரு நாள், சில வாரம் இரண்டு நாள் ஆடுவேன். பயிற்சியாளன் இல்லை, மட்டை விற்பவனும் இல்லை. அலுவலகத்துத் தம்பிகள், தங்கைகள், சொந்தக்காரர்கள் என்று பலரும் அதே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்பதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இங்கே 'மட்டை' என்றால் பந்தை அடிக்கும் கோல்; 'கிளப்' என்றால் உறுப்பினராகச் சேரும் இடம். தூரத்தைக் கெஜத்தில்தான் சொல்வேன், இங்கே மைதானத்தில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

இது பணக்காரர்கள் ஆட்டம்தானே?

பெரிய கிளப்பில் உறுப்பினராகச் சேர்வது பணக்காரர்களால்தான் முடியும். பணம் இருந்தாலும் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இதை மறைக்க நான் விரும்பவில்லை.

ஆனால் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள உறுப்பினர் அட்டை வேண்டாம். பயிற்சி மைதானத்தில் ஒரு கூடைப் பந்துக்குக் காசு கட்டி, ஒரு மட்டையை இரவல் வாங்கி அடித்துப் பார்க்கலாம். இந்தியாவின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் சிலர் உறுப்பினர்களின் பிள்ளைகள் இல்லை, அவர்களுக்கு மட்டைப் பை தூக்கியவர்கள். 1991-இல் இந்தியன் ஓபனை வென்ற முதல் இந்தியர் அலி ஷேர், டில்லியில் பை தூக்கியவர். 1993-இல் மறுபடியும் வென்றார். 2009-இல் அதே பட்டத்தை வென்ற பெங்களூர் முனியப்பாவும் பை தூக்கி வளர்ந்தவர்தான். அவர்கள் கற்றது அடுத்தவர் ஆட்டத்தைப் பார்த்து. அந்த வழி இன்றும் திறந்திருக்கிறது.

முதலில் எந்த மட்டை வாங்கலாம்?

முதல் மூன்று மாதம் எதையும் வாங்காதீர்கள். இரவல் 7 அயர்ன் (இரும்புத் தலை மட்டை; எண் கூடக் கூட தூரம் குறையும்) ஒன்றும் பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை) ஒன்றும் போதும்.

அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் ஆறு மட்டை வாங்குங்கள்: ஒரு ஹைபிரிட் (நீண்ட தூரத்துக்கு), 7 அயர்ன், 9 அயர்ன், பிட்சிங் வெட்ஜ் (வெட்ஜ் என்றால் குறைந்த தூரத்துக்குப் பந்தை உயரத் தூக்கும் மட்டை), முகம் 56 டிகிரி சாய்ந்த சாண்ட் வெட்ஜ், பட்டர். விதிப்படி பையில் 14 வரை வைத்துக்கொள்ளலாம். அது உச்சவரம்புதான். பதினாலும் இருந்தே தீரவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆறு மட்டையோடு ஆடினால் ஒவ்வொன்றையும் முழு வீச்சு, முக்கால் வீச்சு, அரை வீச்சு என்று மூன்று விதமாக அடிக்கப் பழகுவீர்கள். அந்தப் பழக்கம் கடைசிவரை கைகொடுக்கும்.

நான் இந்த வழியில் போகவில்லை. கடைக்காரர் சொன்னதைக் கேட்டு முதல் மாதமே முழு செட் வாங்கினேன். ஷாஃப்ட் (மட்டையின் தண்டு) எல்லாம் 'ஸ்டிஃப்', அதாவது விறைப்பானது, வேகமாக வீசுகிறவர்களுக்கானது. என் வீச்சு வேகத்துக்கு அது வளைந்தே கொடுக்காது. இரண்டு வருஷம் பந்து வலப்பக்கமே போனது, நான் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். ஒரு நாள் நண்பர் ஒருவரின் பழைய 'ரெகுலர்' ஷாஃப்டை வாங்கி அடித்ததும் பந்து நேராகப் போனது. அன்று எனக்கு வந்தது மகிழ்ச்சி இல்லை, கோபம். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்: மட்டையின் பிராண்டைவிட ஷாஃப்டின் விறைப்பு முக்கியம். ஐம்பது வயதுக்கு மேல் தொடங்குகிறவர்கள் 'சீனியர்' ஷாஃப்ட் என்றால் கௌரவக் குறைச்சல் என்று நினைக்க வேண்டாம்.

டிரைவர் வேண்டாமா?

டிரைவர் என்றால் குழியின் முதல் அடிக்கு எடுக்கும், அதிக தூரம் போகும் மட்டை. முதல் வருஷம் வேண்டாம். எல்லோரும் முதலில் வாங்குவது டிரைவர், எல்லோர் ஆட்டத்தையும் முதலில் கெடுப்பதும் டிரைவர். தலை 460 கன சென்டிமீட்டர் வரை இருக்கலாம் என்று விதி அனுமதிக்கிறது. அவ்வளவு பெரிய தலையைப் பார்த்தால் பலமாக அடிக்கத்தான் தோன்றும்.

2006 பிரிட்டிஷ் ஓபன் போட்டி இங்கிலாந்தில் ராயல் லிவர்பூல் மைதானத்தில் நடந்தது. கோடை வெயிலில் புல் காய்ந்து தரை இறுகிக் கிடந்தது. டைகர் உட்ஸ் நான்கு நாளில் ஒரே ஒரு தடவை டிரைவரை எடுத்தார், பட்டத்தையும் வென்றார். உலகிலேயே அதிக தூரம் அடிக்கக்கூடியவர்களில் ஒருவர், தூரம் வேண்டாம், பந்து எங்கே போய் நிற்கிறது என்பதே போதும் என்று முடிவு செய்தார். நம் ஊர் மைதானங்களும் பங்குனி சித்திரையில் அப்படித்தான் இறுகிக் கிடக்கின்றன.

வாங்கத்தான் வேண்டுமென்றால் முகத்தின் சாய்வு 10.5 டிகிரிக்குக் குறையாமல் வாங்குங்கள். 12 இன்னும் நல்லது.

புதியதா, பழையதா?

பழையது. ஐந்து, பத்து வருஷம் முந்தைய நல்ல மட்டைக்கும் இன்றைய மட்டைக்கும் நம்மைப் போன்றவர்கள் ஆட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. இங்கே பெரும்பாலும் எல்லாமே இறக்குமதி, புதியதன் விலை அதற்கேற்ப ஏறிவிடும். கிளப்புகளின் அறிவிப்புப் பலகை, கேடிகள் (பை தூக்குகிறவர்கள்), ஆட்டக்காரர்களின் வாட்ஸாப் குழு என்று பழைய மட்டைகள் கைமாறிக்கொண்டே இருக்கும்.

இணையத்தில் பாதி விலைக்குப் புத்தம்புது மட்டை என்றால் ஒதுங்குங்கள். போலிகள் நிறைய. எழுத்தின் பூச்சு மங்கல், வரிசை எண் இல்லாமை, தலை சேருமிடத்தில் பசை வழிந்திருப்பது, ஒரே செட்டில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கனம் என்று கையில் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கையில் எடுத்துப் பார்க்க முடியாததை வாங்க வேண்டாம்.

என் நண்பர் 7 அயர்னில் 165 கெஜம் அடிக்கிறார். எனக்கு 130 தான் போகிறது. ஏன்?

அவர் மட்டை முகத்தின் சாய்வைப் பாருங்கள், அது குறைந்தால் தூரம் கூடும். பழைய 7 அயர்ன் 35, 36 டிகிரி சாய்ந்திருக்கும். இப்போது வருபவற்றில் பல 30 டிகிரி, அதற்கும் கீழே. அதாவது, முன்பு 5 அயர்ன், 6 அயர்ன் என்று விற்றதன் மேல் இன்று 7 என்று பொறித்திருக்கிறார்கள். எண்ணை ஒப்பிட்டுப் பயனில்லை. உங்கள் 130 ஒவ்வொரு தடவையும் 130 ஆகவே போனால், நண்பரைவிட நீங்கள் நல்ல ஆட்டக்காரர்.

பந்து எல்லாம் ஒன்றுதானா?

எடைக்கும் அளவுக்கும் விதி வைத்த எல்லை ஒன்றுதான்: 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. உள்ளே இருப்பது வேறு வேறு.

மலிவானது இரண்டடுக்குப் பந்து. உள்ளே ரப்பர், மேலே கெட்டியான பிளாஸ்டிக் தோல். நன்றாக ஓடும், சீக்கிரம் கிழியாது, சுழற்சி குறைவு. விலை உயர்ந்தது மூன்று நான்கு அடுக்குப் பந்து, மேலே மெல்லிய யூரித்தேன் தோல். வெட்ஜால் அடித்தால் சுழன்று கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில்) சட்டென்று நிற்கும்.

புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டடுக்கு போதும். சுழற்சி குறைந்தால் வலப்பக்கம் வளைவதும் குறையும். பதினெட்டுக் குழி முடிய ஒரே பந்தோடு வரும் நாள் எப்போதாவது வரும். அப்போது யூரித்தேன் பந்தைப் பற்றி யோசிக்கலாம். நான் மாறியது ஏழாவது வருஷத்தில். மாறியதும் எனக்கு உண்மையாகவே வித்தியாசம் தெரிந்தது, ஆனால் கிரீனைச் சுற்றிய முப்பது கெஜத்துக்குள் மட்டும்.

மைதானத்து ஓரத்தில் பழைய பந்துகளைக் கழுவி விற்பார்கள். தாராளமாக வாங்கலாம். குட்டையில் வெகுநாள் கிடந்த பந்து மட்டும் கொஞ்சம் தூரம் குறைந்து போகும். நிறம் மங்கி வழவழப்பு போயிருந்தால் விட்டுவிடுங்கள்.

பந்தின் மேலுள்ள குழிவுகள் எப்படி வந்தன என்று என் மகள் கேட்டாள். 1848 வாக்கில் மலாய் நாட்டு மரப்பாலான கட்டாபெர்ச்சாவை உருட்டி வழவழப்பான பந்து செய்தார்கள். புதுப் பந்தைவிட அடிபட்டுக் காயமான பந்து நன்றாகப் பறப்பதை ஆடியவர்கள் கவனித்தார்கள். அதன்பின் செய்யும்போதே வேண்டுமென்று மேலே கோடும் புள்ளியும் பதிக்க ஆரம்பித்தார்கள். இன்றைய குழிவுகள் அந்த வழியில் வந்தவை. குழிவே இல்லாத பந்து ஏறக்குறையப் பாதி தூரம்தான் போகும்.

கையுறை, கிரிப், ஷூ?

சென்னைப் புழுக்கத்தில் இதற்குத்தான் செலவு செய்யவேண்டும். தோல் கையுறை நான்காவது குழியிலேயே நனைந்து, மறுநாள் அப்பளம் மாதிரி விறைத்துவிடும். செயற்கைத் துணியில் இரண்டு வாங்கி, மூன்று குழிக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் போடுங்கள். நனைந்ததைப் பைக்குள் திணிக்காமல் வெளியே தொங்கவிடுங்கள்.

மட்டையின் கைப்பிடியான கிரிப்பை மாதம் ஒருமுறை பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல்துலக்கும் பிரஷும் வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வழுக்கும் கிரிப்பை நாம் இறுக்கிப் பிடிப்போம். இறுக்கிப் பிடித்தால் தோள் வரை இறுகும். அங்கிருந்துதான் பாதி கெட்ட அடிகள் பிறக்கின்றன. புது டிரைவர் விலையில் பல வருஷத்துக்குக் கிரிப் மாற்றலாம்.

ஷூ: காலுக்கு இதமாக இருந்தால் போதும்.

யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாமா?

முதல் ஐந்து பாடமாவது ஒரு மனிதரிடம் படியுங்கள். பிடி, நிற்கும் நிலை, தோளின் திசை இந்த மூன்றும் தவறாகப் படிந்துவிட்டால் பிறகு எடுப்பது மிகக் கடினம். நம் கண்ணுக்கு நம் தோள் தெரியாது. அதற்குப் பிறகு காணொளி பாருங்கள், ஒரே ஆசிரியரோடு நில்லுங்கள்.

எந்த மைதானத்தில் ஆடலாம்?

சென்னையில் நந்தனத்தில் காஸ்மோபாலிடன் கிளப்பின் பெயரால் எல்லோரும் 'காஸ்மோ' என்று சொல்லும் 18 குழி மைதானம் இருக்கிறது. அண்ணா சாலை இரைச்சலுக்குப் பக்கத்தில் இவ்வளவு மரமும் புல்லும் இருப்பதை உள்ளே போனால்தான் நம்பமுடியும். கிண்டியில், 1884-இல் தொடங்கிய ஜிம்கானா கிளப்பின் மைதானம் குதிரைப் பந்தயப் பாதையின் வளையத்துக்குள்ளேயே அமைந்தது. 2024-இல் அந்தப் பந்தய நிலத்தின் குத்தகையை அரசு ரத்து செய்துவிட்டது. அங்கே ஆட நினைப்பவர்கள் இன்றைய நிலையை விசாரித்துவிட்டுப் போங்கள். அந்த மைதானத்தில் எனக்குப் பல நல்ல காலைகள் உண்டு, அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச மனம் வரவில்லை.

கோயம்புத்தூருக்குப் போனால் செட்டிபாளையம். திறந்த வெளி, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று. அடிக்கும் முன் காற்றைக் கேட்காமல் அங்கே எதுவும் நடக்காது.

என் மனம் இருப்பது மலையில். கொடைக்கானல் மைதானம் 1895-இல் தொடங்கியது. தூண் பாறைக்குப் போகிற வழியில் இருக்கிறது. ஏற்றம் இறக்கம் அதிகம், சமமான தரையில் கால் ஊன்றி அடிக்கும் அடிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பந்து காலுக்கு மேலே இருந்தால் இடப்பக்கம் இழுக்கும், கீழே இருந்தால் வலப்பக்கம் போகும், வலக்கைக்காரருக்கு. இதை ஏட்டில் படித்தவன் கொடைக்கானலில்தான் புரிந்துகொண்டேன். காட்டெருமைகள் ஃபேர்வேயில் (அடிக்கத் தொடங்கும் இடத்துக்கும் கிரீனுக்கும் நடுவே வெட்டிய புல்வெளியில்) மேயும். அவை நகரும்வரை காத்திருங்கள், பந்து பக்கத்தில் கிடந்தால் பந்தை மறந்துவிடுங்கள். சத்தம் போட்டு விரட்டுவதோ படம் எடுக்கக் கிட்டே போவதோ கூடாது. அது அவற்றின் இடம்.

ஊட்டி மைதானம் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் இருக்கிறது. ஓரமெல்லாம் மஞ்சள் பூப் பூக்கும் முட்புதர், வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து வைத்தது. பந்து அதற்குள் போனால் கையை விடாதீர்கள். வெலிங்டனில் ராணுவக் கல்லூரியை ஒட்டிய ஜிம்கானா மைதானமும் அழகானது. விருந்தாளியாக ஆட யாராவது அழைத்தால் மறுக்காதீர்கள்.

கடல் தாண்டிப் போனால் இலங்கை. 1879-இல் தொடங்கிய ராயல் கொழும்பு மைதானத்தின் நடுவே களனி வெளி ரயில் பாதை ஓடுகிறது. ரயில் கடக்கும்வரை ஆட்டம் நிற்கும். 1889-இல் தொடங்கிய நுவரெலியா மைதானம் ஊரின் நடுவிலேயே, உயர்ந்த மரங்களுக்கிடையில், குறுகலான ஃபேர்வேக்களோடு இருக்கிறது. நேராக அடிக்கத் தெரிந்தவருக்கு அது சொர்க்கம். தமிழ் கேட்கும் ஊர் என்பதால் எனக்கு அங்கே வெளியூர் வந்த உணர்வே இல்லை.

மலையில் பந்து அதிக தூரம் போகுமாமே?

போகும். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி குறைவு, பந்துக்குத் தடை குறைவு. சென்னையில் 100 கெஜம் போகும் அடி அங்கே 107, 108 போகும். ஓர் எண் கூடிய மட்டையை எடுத்தால் போதும், அதாவது 7 அயர்ன் எடுக்கும் இடத்தில் 8. ஆனால் மாலைக் குளிரில், பனிமூட்டத்தில் உடம்பு இறுகிவிடும். அந்தக் கணக்கும் அப்போது மாறும்.

கேடி வைத்துக்கொள்ள வேண்டுமா?

கட்டாயம். பல இடங்களில் விதியே அதுதான். விதி இல்லாத இடத்திலும் நான் வைத்துக்கொள்வேன்.

முதலில் ஒன்று. இந்தச் சொல் தமிழில் போலீஸ் பதிவேட்டு 'கேடி'யோடு ஒலியில் ஒன்றாகிவிடுகிறது. "ஏ கேடி" என்று கூப்பிடுவது என் காதுக்கு எப்போதும் உறுத்தும். பெயரைக் கேளுங்கள், பெயர் சொல்லி அழையுங்கள், மூத்தவர் என்றால் அண்ணன் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு மணி நேரம் உங்களோடு நடக்கப் போகிறவர்.

கொடைக்கானலில் எனக்கு முதல் தடவை வந்தவர் அறுபது வயதுக்காரர். ஒரு கிரீனில் என் கண்ணுக்குத் தரை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அவர் வலப்பக்கம் கையைக் காட்டினார். நான் நம்பாமல் அடித்தேன், பந்து அவர் சொன்ன பக்கம் ஓடியது. "மலையையே பாத்துக்கிட்டு நின்னா கண்ணு ஏமாத்தும் சார். மழை பெஞ்சா இந்தத் தண்ணி எந்தப் பக்கம் வடியும்னு நெனச்சுப் பாருங்க. பந்தும் அங்கதான் போகும்" என்றார். பன்னிரண்டு வருஷத்தில் நான் படித்த புத்தகங்கள், பார்த்த காணொளிகள் எதுவும் இந்த ஒரு வார்த்தை அளவுக்கு எனக்கு உதவவில்லை. இன்றும் கிரீனுக்கு வந்ததும் மனசுக்குள் ஒரு மழையைப் பெய்யவிட்டுப் பார்க்கிறேன்.

அவர்களுக்குக் கூலி குறைவு. கிளப் நிர்ணயித்த தொகைக்கு மேல் கொடுங்கள், நன்றாக ஆடிய நாளில் மட்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஒன்பதாவது குழி முடிந்து நீங்கள் சாப்பிட உட்காரும்போது அவருக்கும் டீயும் டிபனும் சொல்லுங்கள். தவறாக அடித்துவிட்டு அவர் மேல் எரிந்து விழுவதைப் பல மைதானங்களில் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்கிறவரோடு நான் இரண்டாம் முறை ஆடுவதில்லை.

டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடத்தில் முடித்த அதிதி அசோக்கின் பையைத் தூக்கியது அவர் அம்மா. பை தூக்குவது என்றால் கூடவே நிற்பதும்தான்.

தூரம் காட்டும் கருவி வாங்கலாமா?

இப்போது வேண்டாம். கேடி அண்ணனிடம் கேளுங்கள். அவர் கெஜத்தைச் சொல்லமாட்டார், எந்த மட்டை என்று சொல்வார், அதுதான் நமக்கு வேண்டியது.

விதிகள் தலை சுற்றுகின்றன. எதைத் தெரிந்துகொண்டால் போதும்?

2019-இல் விதிகளை எளிமையாக்கினார்கள். முதல் வருஷத்துக்கு இவை போதும். காணாமல் போன பந்தைத் தேட மூன்று நிமிஷம், முன்பு ஐந்து. பந்தை விடவேண்டிய இடத்தில் முழங்கால் உயரத்திலிருந்து விடவேண்டும். கிரீனில் பட்டிங் செய்யும்போது கொடிக்கம்பம் குழியில் இருக்கலாம். பங்கரில் (மணல் பள்ளத்தில்) பந்தைச் சுற்றிக் கிடக்கும் சருகை எடுக்கலாம், ஆனால் அடிக்கும் முன் பந்துக்கு முன்னும் பின்னும் மட்டை மணலில் படக்கூடாது.

பந்து எல்லைக்கு வெளியே போய்விட்டால் அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் ஓர் அடி அபராதத்தோடு மறுபடி அடிக்கவேண்டும். சந்தேகம் வந்த உடனே இன்னொரு பந்தை அடித்துவிட்டுப் போங்கள், நடை மிச்சம். சில கிளப்புகளில் உள்ளூர் விதியாக, பந்து வெளியேறிய இடத்துக்கு நேராக ஃபேர்வேயில் இரண்டு அடி அபராதத்தோடு விட அனுமதி உண்டு. தொடங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பங்கர் மணலைச் சமன் செய்வது, கிரீனில் பந்து விழுந்த பள்ளத்தைச் சரிசெய்வது, அடுத்தவர் அடிக்கும்போது நிழல் அவர் மேல் விழாமல் நிற்பது இவை மூன்றும் விதிப்புத்தகத்தில் எங்கே இருந்தாலும் என் கணக்கில் முதல் விதிகள்.

நூறுக்குள் எப்போது முடிப்பேன்?

நூறு என்பது பதினெட்டுக் குழிக்கும் சேர்த்து அடித்த அடிகள். 'பார்' என்றால் ஒரு குழியை முடிக்க வகுத்த அடிகள், மைதானத்துக்கு அவற்றின் கூட்டல். பார் 72 மைதானத்தில் ஒவ்வொரு குழிக்கும் பாரைவிட ஓர் அடி கூட ஆடினால் 90. ஒன்பது குழியில் இரண்டடி கூடினாலும் 99. ஆக, நூறுக்குள் வர ஒரு குழியில்கூடப் பார் எடுக்கத் தேவையில்லை. இந்தக் கணக்கை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பாருங்கள், ஆட்டமே மாறும். 400 கெஜக் குழியை மூன்று அடியில் கிரீனுக்குக் கொண்டுபோனால் போதும் என்றால், எதற்காக மரத்துக்கு மேலே அடிக்கவேண்டும்? 150, 150, 100. இந்த மூன்றையும் ஆறு மட்டைக்காரரால் அடிக்க முடியும்.

ஒரு குழியில் பத்து, பன்னிரண்டு என்று போய் மனம் உடைகிறவர்கள் ஸ்டேபிள்ஃபோர்ட் முறையில் ஆடுங்கள். ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற டாக்டர் உருவாக்கியது, 1932-இல் இங்கிலாந்தின் வாலஸி கிளப்பில் ஆடினார்கள். ஹேண்டிகேப் கழித்துப் பாருக்கு 2 புள்ளி, ஓர் அடி கூடினால் 1, ஓர் அடி குறைந்தால் 3. அதற்கு மேல் கெட்டால் பூஜ்யம், பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். பின்னால் வருகிறவர்களும் வாழ்த்துவார்கள்.

ஹேண்டிகேப் எடுக்கத் தயங்காதீர்கள். 2020-இலிருந்து உலகம் முழுக்க ஒரே முறை, அதிகபட்சம் 54. கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8-ஐ வைத்துக் கணக்கிடுகிறார்கள். அதனால் என்னாலும் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஒருவரோடு நியாயமாகப் போட்டியிட முடிகிறது. வேறு எந்த விளையாட்டில் இது நடக்கும்?

எந்த டீயிலிருந்து அடிக்கலாம்?

டீ என்றால் குழியின் முதல் அடியை அடிக்கும் இடம், முன்னும் பின்னுமாகச் சில இருக்கும். முன் டீயிலிருந்து அடியுங்கள். இது ஆண்களுக்கும்தான். 'லேடீஸ் டீ' என்ற பெயரையே கிளப்புகள் கைவிடவேண்டும் என்பது என் எண்ணம். அந்தப் பெயரால் அறுபது வயதுப் பெரியவர்கள் பின்னால் நின்று சிரமப்படுகிறார்கள், பலமாக அடிக்கும் பெண்களை முன்னால் அனுப்புகிறார்கள். அவரவர் அடிக்கும் தூரம்தான் கணக்கு.

பட்டிங் வரவே மாட்டேன் என்கிறது.

ஒவ்வொரு குழியின் பாரிலும் இரண்டு அடி பட்டிங்குக்கு என்றே ஒதுக்கியிருக்கிறார்கள். 18 குழிக்கு 36. பார் 72-இல் சரிபாதி. ஆனால் பயிற்சி நேரத்தில் பாதியைப் பட்டருக்குக் கொடுப்பவரை நான் பார்த்ததே இல்லை.

குழியின் அகலம் 108 மில்லிமீட்டர். அமெரிக்காவின் முதல்தரத் தொழில்முறை ஆட்டக்காரர்களே எட்டு அடி நீளத்திலிருந்து பாதியைத்தான் போடுகிறார்கள். ஆகவே எட்டு அடியைத் தவறவிட்டதற்கு வருந்தாதீர்கள். மூன்று அடியைத் தவறவிடாதீர்கள். வீட்டில் தரையில் ஒரு டம்ளரைப் படுக்கவைத்து தினம் பத்து நிமிஷம் போதும். நீளமான பட்டிங்கில் திசையைவிட வேகம் முக்கியம். முப்பது அடியிலிருந்து திசையில் ஓரடி பிசகுவது அபூர்வம், நீளத்தில் ஆறடி பிசகுவது சாதாரணம்.

நம் சமவெளி மைதானங்களில் பெர்முடா புல். அது ஒரு திசையில் படிந்து வளரும். பளபளவென்று தெரிந்தால் புல் உங்களிடமிருந்து விலகிப் படிந்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். கருத்துத் தெரிந்தால் எதிர்த்து நிற்கிறது, கொஞ்சம் கூட அடிக்கவேண்டும்.

சென்னை வெயிலில் நான்கு மணி நேரமா?

காலை ஆறு மணிக்கு முதல் அடி. பத்தரைக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் வெயிலும் ஏறும், நண்பகலை ஒட்டிக் கடற்காற்றும் கிளம்பிக் கிழக்கே பார்த்த குழிகள் எல்லாம் நீண்டுவிடும். ஏழெட்டு கிலோமீட்டர் நடை இது. வெறும் தண்ணீர் போதாது. நான் உப்புப் போட்ட நீர்மோர் ஒரு லிட்டர் எடுத்துப் போவேன், பாதி கேடிக்கு. கத்திரியில் ஒன்பது குழியோடு நிறுத்துவதே நல்லது.

இடி கேட்டால் உடனே கட்டடத்துக்கோ காருக்கோ போய்விடுங்கள். மரத்தடியில் நிற்கக்கூடாது. ஐப்பசி கார்த்திகையில் ஆடும்போது இதில் விவாதமே வேண்டாம்.

இவ்வளவு தண்ணீரைப் புல்லுக்கு ஊற்றுவது சரியா?

இந்தக் கேள்வி கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 2019 கோடையில் சென்னை தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றபோது நானும் என் தெருவில் நின்றேன். குடிநீரையோ நிலத்தடி நீரையோ புல்லுக்கு விடுவது தவறு. சுத்திகரித்த கழிவுநீரில்தான் மைதானம் வாழவேண்டும். கிரீனுக்கும் டீக்கும் மட்டும் ஊற்றிவிட்டு ஃபேர்வேயைக் கோடையில் காயவிடலாம். பந்து நன்றாக உருளும், ஆட்டமும் சுவையாகும். இந்த ஆட்டம் பிறந்த ஸ்காட்லாந்துக் கடற்கரையிலும் வறண்ட கோடையில் புல் பழுப்பாகத்தான் கிடக்கும். நம் ஊரிலேயே முன்பு பல மைதானங்களில் கிரீனுக்குப் பதில் எண்ணெய் கலந்து அழுத்திய மணல்தான் இருந்தது, 'பிரவுன்' என்பார்கள். பச்சைப் பசேல் என்று இருந்தால்தான் மைதானம் என்பது தொலைக்காட்சி கற்றுக்கொடுத்தது.

பந்தயம் கட்டி ஆடலாமா?

டிபனுக்குக் கட்டலாம். அதற்கு மேல் நான் ஆடுவதில்லை.

ஒரே ஒரு மட்டைதான் என்றால் எதை எடுப்பீர்கள்?

8 அயர்ன். போன மார்கழியில் கொடைக்கானலில் மாலை நாலரைக்குப் பனி இறங்கி, எங்களோடு வந்தவர்கள் எல்லாம் அறைக்குத் திரும்பிவிட்டார்கள். பையை அனுப்பிவிட்டு, அந்த மூத்த அண்ணனும் நானும் ஆளுக்கு ஓர் 8 அயர்னோடு ஆறு குழி ஆடினோம். கிரீனிலும் அதே மட்டைதான், விளிம்பால் தட்டினோம். பந்து பனிக்குள் போய் மறைந்ததும் விழும் சத்தத்தைக் கேட்டு அவர் திசை சொல்வார். ஆறு குழிக்கும் சேர்த்து நான் 29 அடி, அவர் 26. ஒரு பந்துகூடத் தொலையவில்லை.